வெளியூர் வண்டி நுழையாது

ஆட்டோவில் மைக் பிடித்து அறிவிப்புச் சொல்லும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். ஒயர் சுற்றுவது, ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இப்போது குரலையே செல்போனில் தயார் செய்து பென் டிரைவில் போட்டு ஓட விடுகிறீர்கள். தொண்டைக்கு மிளகுப்பால் குடித்த காலமெல்லாம் போய்விட்டது; போனது நல்லதுதான். அதனால் தொழில்நுட்பம் பேசப்போவதில்லை. என் வாயால் ஓர் ஊருக்கு நேர்ந்த கெடுதலையும், அதைச் சரிசெய்த ஓர் அக்காவையும் பற்றித்தான் சொல்லப்போகிறேன். என் டிரைவர் தவிர யார் பெயரையும் எழுதவில்லை. அந்த அக்காவுக்குப் பெயர் வெளியே வருவது பிடிக்காது. மற்றவர்களுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ, எனக்குப் பயம்.

என் பயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். எட்டாம் வகுப்பு பாதியில் படிப்பை விட்டவன் நான். எழுதியிருப்பதைத் தப்பில்லாமல் வாசித்துவிடுவேன். எழுதாததைப் பேசச் சொன்னால் வராது. வண்டி ஏறுமுன் பேட்டரியை மூன்று முறை தொட்டுப் பார்ப்பேன். பிறகு டிரைவர் சேவியரைப் பார்க்கச் சொல்வேன். அவன் பார்த்தபின் நான் இன்னொரு முறை பார்ப்பேன்.

"விடுண்ணே, இம்புட்டுத் தடவ தொட்டா பேட்டரிக்கே வெக்கம் வந்துரும்" என்பான் சேவியர்.

இந்தப் பயங்களிலெல்லாம் பெரியது, மைக்கில் விழும் இடைவெளி. குழாய் திறந்திருக்கிறது, எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள், நம் வாயில் ஒன்றும் இல்லை. மூன்று எண்ணும் நேரம்கூட என்னால் அப்படி இருக்க முடியாது. ஒருமுறை திண்டுக்கல் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடைத் திறப்பு விழா. காற்றில் அறிவிப்புச் சீட்டு பறந்துவிட்டது. என்ன சொல்வதென்று தெரியாமல், "முதல் நாளான இன்று குழந்தைகளுக்குச் சாப்பாடு முற்றிலும் இலவசம்!" என்று சொல்லிவிட்டேன். அப்படி யாரும் சொல்லச் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் பக்கத்துப் பள்ளிக்கூடமே வந்து நின்றது. கடைக்காரர் நல்ல மனிதர். பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோருக்கும் இலை போட்டார். அன்றைக்கே நான் பாடம் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை.

அன்று நஷ்டம் ஒரு கடைக்காரருக்கு. அடுத்த முறை ஓர் ஊராட்சிக்கே.

செம்பட்டி தாண்டி உள்ளே போனால் பூ விளைகிற ஊர்கள் வரிசையாக வரும். அதில் ஒன்று அது. சாலையோரம் ஊராட்சிக்குச் சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை. காலையில் செண்டுப்பூ, சம்பங்கி மூட்டைகள் அங்கே வந்து இறங்கும். உள்ளூர் வியாபாரிகள் இரண்டு பேர் வாங்குவார்கள். கேரளாவிலிருந்தும் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்தும் நாலைந்து வண்டிகள் வந்து நின்று வாங்கிக்கொண்டு போகும்.

அந்த ஊரில் ஒரு எண்ணம் ரொம்ப நாளாகவே ஊறிக்கிடந்தது. வெளியூர் வண்டிக்காரன்தான் விலையை இறக்குகிறான், நம்மிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி அங்கே போய் நாலு மடங்குக்கு விற்கிறான் என்பார்கள். அங்கே விற்கிற விலையைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த சொந்தக்காரர் ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தார். வண்டிக்கு டீசல், சோதனைச் சாவடி, வழியில் வாடிப்போகும் பூ என்று அந்த நாலு மடங்குக்குள் என்னென்ன இருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. நானும் அப்படியே நம்பினேன்.

ஊராட்சித் தலைவர் தேர்தல் வந்தது. இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் மோட்டார், பைப் கடை வைத்திருந்த அண்ணன். நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்பவர், கடன் சொன்னாலும் பைப்பு கொடுத்துவிடுபவர். இன்னொருவர் இரண்டு ஏக்கரில் பூ போட்டிருந்த அக்கா. ஐம்பது வயதிருக்கும், சத்தமாகச் சிரிப்பார்.

நம் தொழில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஊராட்சித் தேர்தலில் ஒரே ஆட்டோவை எதிரெதிர் ஆட்கள் எடுப்பார்கள். காலையில் அண்ணனுக்கு, சாயங்காலம் அக்காவுக்கு. இடையில் செம்பட்டி முக்கில் வண்டியை நிறுத்தி, ஒரு பேனரை அவிழ்த்து இன்னொன்றைக் கட்டி, ஒரு டீயைக் குடித்துவிட்டு, காலையில் யாரைத் தாக்கினோமோ அவரை வாழ்த்தப் புறப்பட்டுவிடுவோம். ஊர்க்காரர்களும் இதைத் தப்பாக எடுப்பதில்லை. "என்னப்பா, இப்ப எந்தக் கட்சி?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

அன்று காலை, பூக்கொட்டகை வாசலில் அண்ணனுக்காகப் பேசிக்கொண்டிருந்தேன். அண்ணன் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சீட்டில் எழுதியிருந்தது தண்ணீர், சாலை, தெருவிளக்கு. பாதி வாசித்திருப்பேன். தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர் மூட்டைமேல் உட்கார்ந்தபடியே கத்தினார்.

"ஏப்பா மைக்கு! தண்ணி, ரோடு, லைட்டு, இதெல்லாம் நிக்கிற ஆளெல்லாம் சொல்றதுதான். இந்த வெளியூரு வண்டிக்காரன் அடிக்கிற கொள்ளைக்கு ஒங்க அண்ணன் என்ன பண்ணப்போறாரு? அதச் சொல்லு, கேப்போம்!"

"ஆமா, அதச் சொல்லு" என்று நாலு பேர்.

சீட்டைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. அண்ணனைப் பார்த்தேன். அவர் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். குழாயில் சத்தமில்லை. ஒன்று. இரண்டு. எல்லோரும் பார்க்கிறார்கள். மூன்று வருவதற்குள் வாயைத் திறந்துவிட்டேன்.

"அண்ணன் வெற்றி பெற்ற மறுநாளே, வெளியூர் வண்டி எதுவும் இந்தக் கொட்டகைக்குள் நுழையாது! நுழையாது! நுழையாது!"

அந்தக் கைதட்டலை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. விசில் பறந்தது. யாரோ ஒரு கை செண்டுப்பூவை அள்ளி ஆட்டோவுக்குள் வீசினார்கள். அண்ணன் முதலில் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து கும்பிட்டார்.

வண்டி தெரு திரும்பியதும் கேட்டார். "ஏம்ப்பா, நான் அப்பிடிச் சொல்லவே இல்லையே?"

"மன்னிச்சுக்கங்கண்ணே. வாய் தவறி வந்துருச்சு. அடுத்த தெருவுல மாத்திச் சொல்லிர்றேன்."

"மாத்தாத, மாத்தாத. கைதட்டு விழுந்துச்சுல்ல? இனிமே இதையே சொல்லு. தண்ணி, ரோடு எல்லாம் கடேசியில சொல்லிக்கிரலாம்."

தம்பிகளா, பெரிய பெரிய கொள்கைகளெல்லாம் பெரிய அறையில் படித்தவர்கள் உட்கார்ந்து போடுவது என்று நான் நினைத்திருந்தேன். ஓர் ஊரின் பூ வியாபாரக் கொள்கையை அன்று ஆட்டோவுக்குள் மூன்று பேர் சேர்ந்து போட்டோம். கேட்ட பெரியவருக்கு விஷயம் தெரியாது. சொன்ன எனக்கும் தெரியாது. அண்ணனுக்குக் கொஞ்சம் தெரியும்; அவர் செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அந்த ஊர்க்காரர்களை முட்டாள்கள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அந்தத் துண்டுக்காரர் தன் மூட்டைக்கு ஒரு ரூபாய் குறைந்தால் அரைமணி நேரம் நின்று சண்டை போடுவார். எடைக்கல்லைத் தூக்கிப் பார்த்தே குறை சொல்லிவிடுவார். அதே மனிதர் ஓட்டு விஷயத்தில் அரை நிமிஷம் யோசிக்கவில்லை. அது ஏன் என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். மூட்டை அவருடையது, தப்பாக நினைத்தால் அன்று மத்தியானமே அவருக்கு வலிக்கும். ஓட்டு ஊருக்கெல்லாம் பொது. அவர் ஒருவர் சரியாக யோசித்து எதுவும் மாறப்போவதில்லை, தப்பாக யோசித்தும் தனியாக அவருக்கு ஒன்றும் குறையப்போவதில்லை. அதனால் மனசுக்கு எது இதமோ அதை நம்பிவிடுகிறார். நம் கஷ்டத்துக்கு வெளியூர்க்காரன் காரணம் என்பது இதமான எண்ணம். நான் மட்டும் வேறு ஆளா? டீசல் விலை ஏறினால் யார் யாரையோ திட்டுகிறேன், எனக்கு என்ன தெரியும்?

அன்று சாயங்காலம் பேனரை மாற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனோம். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செய்தி எனக்கு முன்னால் அங்கே போயிருந்தது.

"அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீக. நீங்களும் வண்டிய விடமாட்டேன்னு சொல்லிருங்க. ரெண்டு பேரும் சொல்லிட்டா சரிக்குச் சரியாப் போயிரும்" என்றேன்.

அக்கா என்னையே பார்த்தார். "ஒனக்குப் பூ யாவாரம் தெரியுமா தம்பி?"

"தெரியாதுக்கா."

"பெறகு என்ன தைரியத்துல காலையில அப்பிடிச் சொன்ன?"

"தைரியத்துல சொல்லலக்கா. பயத்துல சொன்னேன்."

அக்கா சத்தமாகச் சிரித்துவிட்டார். "அப்பச் சரி. மேடையில பேசுறவக நெறையப் பேரு அப்பிடித்தான் பேசுறாக போல."

பிறகு எனக்கு விளக்கினார். நான் கேட்ட ஒரே பொருளாதார வகுப்பு அதுதான். "மழ பேஞ்சு வெளியூரு வண்டி வராத அன்னைக்கு நீ கொட்டகைக்கு வந்து பாரு. நம்ம உள்ளூரு யாவாரி ரெண்டு பேரும் டீக்கடையிலயே உக்காந்துருப்பாக. உக்காந்த எடத்துலருந்தே வெல சொல்லுவாக. எந்திரிச்சே வரமாட்டாக. வண்டி நாலு வந்து நிக்கிற அன்னைக்குப் பாரு, கிளாஸக் கீழ வச்சிட்டு ஓடியாருவாக. வாங்குறவன் ஓடி வரணும் தம்பி. அன்னைக்குத்தான் நமக்கு வெல."

"இது ஊருக்குத் தெரியாதாக்கா?"

"தெனம் கண்ணால பாக்குறாக. பாக்குறது வேற, சேத்துப் பாக்குறது வேற."

கோயில் மைதானத்தில் அக்காவே மைக்கை வாங்கிப் பேசினார். சுற்றி வளைக்கவில்லை. "வண்டி வந்தாத்தான் நமக்கு வெல. நான் ஜெயிச்சா இன்னும் நாலு வண்டிய வரச் சொல்லுவேன்" என்றார்.

கூட்டத்திலிருந்து ஒரு குரல். "கேரளாக்காரன் எம்புட்டுக்கா குடுத்தான் ஒனக்கு?"

"அவன் குடுக்கலையேங்கிறதுதானே தெனம் காலையில எனக்கும் அவனுக்கும் சண்ட! நீ வந்து வாங்கிக் குடேன், ஒனக்குப் பாதி!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்தார். "ஏத்தா, நீ சொல்றது சரியாத்தான் இருக்கு. ஆனா மனசு ஒப்பலையே" என்றார். அங்கேயே தேர்தல் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

திரும்பும்போது கெஞ்சினேன். "அக்கா, நாளைக்காவது அதப் பத்திப் பேசாம விட்டுருங்க. ஜெயிச்ச பெறகு செஞ்சுக்கிரலாம்."

"பொய் சொல்லி ஜெயிச்சா, பெறகு உக்காந்து அந்தப் பொய்யத்தான் செஞ்சு தொலைக்கணும் அப்பு. அதுக்குத் தோக்குறது எம்புட்டோ தேவல."

தோற்றார். "நல்ல அம்மாதான், பாவம்" என்றார்கள் அவருக்கு ஓட்டுப் போடாதவர்கள்.

கைதட்டு வாங்கிய வாக்குறுதியை அண்ணனால் விழுங்க முடியவில்லை. கொட்டகைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்தார்கள்: வெளியூர் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. முதல் சில வாரம் ஊருக்கே பெருமை. நான் ஒரு செல்போன் கடை அறிவிப்புக்கு அந்தப் பக்கம் போனபோது, துண்டுக்காரர் அந்த எழுத்தைக் காட்டி, "பாத்தியா மைக்கு, எப்பிடி!" என்றார். நானும் சிரித்து வைத்தேன்.

பிறகு ஓணம் நெருங்கியது. அந்தச் சமயத்துக்கென்றே கணக்குப் பார்த்து எல்லோரும் செண்டுப்பூ நட்டிருந்தார்கள். காடெல்லாம் மஞ்சள். கேரளா வண்டிகள் வந்தன. நாலு கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊரில் போய் நின்றன. அந்த ஊர்ப் பூவை ஏற்றியதுமே வண்டி நிறைந்துவிடும். இவர்கள் மூட்டையைப் பைக்கில் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்வதற்குள் வண்டி புறப்பட்டிருக்கும். உள்ளூர் வியாபாரிகள் இரண்டு பேரும் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்குப் போதும்ப்பா" என்றார்கள். கொட்டகைக்குப் பின்னால் பூவைக் கொட்ட ஆரம்பித்தார்கள். ஆடுகூட ஒரு அளவுக்குமேல் தின்னவில்லை. அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் ஓணம். அதற்குள் வண்டி உள்ளே வராவிட்டால் செடியில் நிற்பதும் குப்பைதான்.

இதில் ஆச்சரியம் என்ன தெரியுமா? சுவரில் இருந்த எழுத்தை ஒருவரும் குறை சொல்லவில்லை. "அடுத்த ஊருக்காரன் நம்ம வண்டிய மறிச்சு வச்சிக்கிட்டான்" என்றார்கள். நேற்றுவரை கொள்ளைக்கார வண்டி. இன்று நம்ம வண்டி.

அந்த வாரத்தில் அண்ணன் ஆட்டோவுக்குச் சொல்லியனுப்பினார். இப்போது அவர் தலைவர். பூப் பிரச்சினைக்காகக் கிராம சபை கூட்டுகிறார்கள், ஊருக்குள் அறிவிக்க வேண்டும். சீட்டை வாங்கிப் பார்த்தேன். நாள், இடம், நேரம். கடைசி வரி இப்படி இருந்தது: நம் ஊர்ப் பூவைத் தடுக்கும் அடுத்த ஊர் வியாபாரிகளின் சதியை முறியடிக்கத் திரண்டு வாரீர்.

அந்த வரியை இன்னொரு முறை வாசித்தேன். ஏற்கெனவே இந்த ஊர் இளவட்டங்கள், அடுத்த ஊருக்குப் போகும் வண்டியைச் சாலையில் மறிக்கப்போவதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் கல்லைப் பற்றிப் பேசியதை என் காதாலேயே கேட்டிருந்தேன். இந்த வரி குழாயில் வந்தால் என்ன நடக்கும் என்று யோசிக்கப் படிப்புத் தேவையில்லை.

"அண்ணே, இந்தக் கடேசி வரிய நான் வாசிக்கலண்ணே."

"ஏன், கூலி தர்றேன்ல?"

"அதுக்கில்லண்ணே. இது நெசமாண்ணே?"

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. கெட்ட மனிதர் இல்லை அவர். "அப்ப என்னத்தத்தான்ப்பா சொல்லச் சொல்ற? சுவத்துல எழுதுனது தப்புன்னு சொல்லவா? ஓட்டுப் போட்டவன் மூஞ்சியில முழிக்க வேணாமா? எல்லாம் நீ ஆரம்பிச்சு வச்சதுதானே!"

அண்ணனையும் ஏற்றிக்கொண்டு வந்து கொட்டகை வாசலில் வண்டி நின்றது. விற்காத மூட்டைகளோடு சனம் நின்றது. அக்காவும் தன் மூட்டையோடு ஓரமாக நின்றிருந்தார். சேவியர் திரும்பிப் பார்த்து, "பேட்டரி நல்லாருக்குண்ணே. நீ நல்லாருக்கியா?" என்றான்.

நான் நன்றாக இல்லை. நாள், இடம், நேரம் வாசித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் சீட்டை மடித்தேன்.

"பொதுமக்களே, இது சீட்டுல இல்ல. வெளியூர் வண்டி நுழையாதுன்னு தேர்தலப்ப மொதமொதல்ல சொன்னது அண்ணன் இல்ல. நான்தான். யாரும் எழுதித் தரல. எனக்குப் பூ யாவாரம் தெரியாது. நீங்க கேட்டீக, எனக்குப் பதில் தெரியல, பயந்துபோயிச் சொல்லிட்டேன்."

எனக்கு அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. சொல்லவில்லை.

"ஏலே, நெசமாவா?" துண்டுக்காரர்தான். "அப்ப ஒன் ஒளறலக் கேட்டா நாங்க ஓட்டுப் போட்டோம்?"

"ஒளறல்னு தெரியாமத்தான் நீயும் விசிலடிச்ச" என்றார் மனசு ஒப்பாத அந்த அம்மா.

"நீயுந்தான் கைதட்டுன!"

வாடிய பூ ஒரு கை பறந்து வந்து என் முகத்தில் விழுந்தது. ஈரமாக இருந்தது. அண்ணன் ஆட்டோவிலிருந்து இறங்கி யாரையும் பார்க்காமல் நடக்க ஆரம்பித்தார். கூட்டம் சூடாகிக்கொண்டிருந்தது, எந்தப் பக்கம் பாயும் என்று தெரியவில்லை.

அப்போது அக்கா ஆட்டோவுக்குப் பக்கத்தில் வந்தார். மைக்கை அவரிடம் நீட்டினேன். 'அன்னைக்கே சொன்னேன், கேட்டீகளா' என்று அவர் கேட்க வேண்டிய நேரம் அது. தோற்ற ஆளுக்கு அப்படியொரு நேரம் ஆயுசில் ஒருமுறைதான் வரும்.

அக்கா மைக்கை வாங்கினார். அதன் சுவிட்சை அணைத்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

நேராக அண்ணனிடம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். அதனால்தான் அவர் பேசியது என் காதில் விழுந்தது.

"தலைவரே, செத்த நில்லுங்க. கிராம சபையில நீங்களே ஒரு தீர்மானம் கொண்டாங்க. ஓணம் முடியிற வரைக்கும் வெளியூரு வண்டிய உள்ள விடுவோம், பெறகு ஊரு கூடிப் பேசிக்கிருவோம்னு. எழுத்த அழிக்கிறோம்னு சொல்லவே வேணாம். எத்தன நாளுக்குன்னு மட்டும் சொல்லுங்க."

அண்ணன் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். "சொன்னா, நான் ஒன் வழிக்கு வந்துட்டேன்னு ஊரு பேசும்."

"பேசாது. நான் வாயத் தொறக்க மாட்டேன். கை மட்டும் தூக்குறேன்."

"இதுல ஒனக்கு என்னம்மா லாபம்?"

"என் செடியில அரை ஏக்கரு பூ நிக்குது தலைவரே. அதான் லாபம்."

கிராம சபை நடந்தது. அண்ணன் அவர் சொன்னபடியே தீர்மானத்தைச் சொன்னார். பிறகு எழுந்தது யார் என்கிறீர்கள்? துண்டுக்காரர். "ஓணத்துக்கு மட்டுந்தானே? தாராளமா விடலாம். யோசிச்சுப் பாருங்கய்யா, நாலு வண்டி வந்து நின்னாத்தானே உள்ளூருக்காரனும் எந்திரிச்சு ஓடி வருவான்!" என்று ஏதோ தானே கண்டுபிடித்ததுபோலப் பேசினார். கை தட்டினார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கையைத் தூக்கியபடி இருந்தார்.

மறுநாள் காலை வண்டிகள் வந்தன. செடியில் நின்ற பூ போனது. கொட்டியது கொட்டியதுதான், அதை யாரும் திருப்பித் தர முடியாது. ஓணம் முடிந்தது. பிறகு ஊர் கூடிப் பேசவே இல்லை, வண்டிகளும் வருவதை நிறுத்தவில்லை. சுவரில் இருந்த எழுத்தின்மேல் யாரோ கோயில் திருவிழா நோட்டீசை ஒட்டினார்கள்.

எனக்குத்தான் ஆறவில்லை. ஒருநாள் கேட்டே விட்டேன். "அக்கா, நீங்க சொன்னதத்தானே எல்லாரும் சொல்றாக. ஒரு வார்த்த ஒங்க பேரச் சொல்லலையே?"

"தம்பி, நீ தப்புன்னு மூஞ்சிக்கு நேரச் சொன்னா, எவனும் அந்தத் தப்ப விடமாட்டான். இன்னும் கெட்டியாத்தான் பிடிப்பான். மாறுறவனுக்குக் குனியாம வெளிய போக ஒரு வாசல் வேணும். அதத் தொறந்து விட்டுட்டு நாம ஓரமா நின்னுக்கிரணும்."

தொழிலில் எத்தனையோ பேருக்குக் குரல் கொடுத்திருக்கிறேன். பெரிய பெரிய ஆட்கள், மாலை, பட்டாசு. கூட்டத்துக்குப் பிடிக்காததைக் கூட்டத்திடமே சொன்ன ஆளாக அந்த அக்கா ஒருவரைத்தான் பார்த்தேன். தான் சொன்னதுதான் சரி என்று தெரிந்த நாளில் மைக்கை அணைத்த ஆளும் அவர் ஒருவர்தான். முதலாவதைச் செய்ய நெஞ்சழுத்தம் போதும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதை எங்கிருந்து கற்றார் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். சீட்டில் இல்லாததைக் கூட்டம் கேட்டால், "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று குழாயிலேயே சொல்லுங்கள். ஒன்றும் ஆகாது. மைக்கில் விழும் இடைவெளியால் யாரும் செத்ததில்லை. அதை நிரப்ப நீங்கள் சொல்வது ஒரு வருஷம் கழித்து யாருடைய காட்டில் போய் நிற்கும் என்று உங்களால் சொல்ல முடியாது. கைதட்டு விழுந்தது என்பதற்காக ஒரு பேச்சு உண்மையாகிவிடாது; அநேகமாக, கேட்பவர்கள் முன்பே நம்பியதைத்தான் திருப்பிச் சொல்லியிருப்பீர்கள். பென் டிரைவுக்குப் பயம் கிடையாது. ஆனால் அதில் பேசிப் பதிகிறவருக்கு உண்டு, அதனால் இது உங்களுக்கும் பொருந்தும்.

அடுத்த தேர்தலோடு நான் தொழிலை விட்டேன். அந்தத் தேர்தலில் அக்கா நிற்கவில்லை. அண்ணன் மறுபடி நின்றார், என்னைத்தான் கூப்பிட்டார். சீட்டை வாங்கி வாசித்துப் பார்த்தேன். முதல் வரி: வெளியூர் வண்டிகளை வரவழைத்து நம் பூவுக்கு விலை வாங்கித் தந்த நாயகன்.

சேவியரைக் கொட்டகைக்கு ஓட்டச் சொன்னேன். அக்கா ஒரு கேரளா வண்டிக்காரரோடு மும்முரமாகப் பேரத்தில் இருந்தார். கூடவே வந்திருந்த அண்ணன் அந்தப் பக்கம் இருந்த ஆட்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, இறங்கிப்போய்ச் சீட்டைக் காட்டினேன். "இத எப்பிடிக்கா நான் வாசிக்கிறது?"

அக்கா வாசித்தார். கொட்டகை அதிரச் சிரித்தார். "படி அப்பு. வண்டி வர்றது நெசந்தானே? நல்லாச் சத்தமாப் படி."

போய் உட்கார்ந்து வாசித்தேன். வெளியூர் வண்டிகளை வரவழைத்த நாயகன் என்று குழாய் முழங்கியது. துண்டுக்காரர் கைதட்டினார். அக்கா வண்டிக்காரர் பக்கம் திரும்பி, குழாயைக் கைகாட்டிச் சொன்னது எனக்குக் கேட்டது.

"கேட்டீகளா சேட்டா? ஒங்கள இங்க கொண்டாந்து நிறுத்த இந்த ஊரு என்ன பாடு பட்டுருக்கு! ரெண்டு ரூவா கூட்டிப் போடுங்க."

"சேச்சி, அது கூடுதல்" என்றார் அவர்.

பின்னாலிருந்து உள்ளூர் வியாபாரி, டீ கிளாஸைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்துகொண்டிருந்தார்.